மழவன் மகளும் முயலகனும்

(பீளமேட்டில் மார்கழித் திருவாதிரைத் திருவிழாவின்போது நிகழ்த்திய சொற்பொழிவு)

திருச்சிற்றம்பலம்.



இன்று விடியற்காலையில் கூத்தப்பெருமானுக்கு நடந்த அபிடேகத்தை எல்லோரும் கண்குளிரக் கண்டோம். பாலும் தேனும் சந்தனமும் திருமுடியிலிருந்து வழிந்து இறங்கும்போது நம் கண்களும் அவற்றோடு கீழே இறங்குகின்றன. திருமுகத்தைக் காண்கிறோம், வீசிய கரத்தைக் காண்கிறோம், எடுத்த பொற்பாதத்தைக் கண்டு கன்னத்தில் போட்டுக்கொள்கிறோம். ஊன்றிய திருவடிக்குக் கீழே ஓர் உருவம் கிடக்கிறதே, அதை எத்தனை பேர் பார்த்தோம்? அபிடேகப் பாலில் கடைசியாக நனைகிறவன் அவன். அவன் பெயர் முயலகன். இன்றைக்கு அவனைப் பற்றித்தான் பேச நினைக்கிறேன்.

முயலகன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரண்டு பொருள் உண்டு. பெருமான் திருவடியின் கீழ்க் கிடக்கும் பூதம் என்பது ஒன்று. நாட்டுப்புறத்தில் காக்காய் வலிப்பு என்று சொல்கிறோமே, அந்த நோய் என்பது மற்றொன்று. வடமொழியிலும் இப்படியே, பூதத்தை அபஸ்மாரன் என்பார்கள், நோயை அபஸ்மாரம் என்பார்கள். நினைவு நீங்குதல் என்பது அச்சொல்லின் பொருள்.

ஒரே பெயர் இரண்டிற்கும் அமைந்ததால் ஒரு பெருந்துன்பம் விளைந்துவிட்டது. வலிப்பு வந்து ஒருவர் கீழே விழுந்தால், ‘இவரை முயலகன் பிடித்திருக்கிறான், இவர் உடம்பில் ஏதோ தீய ஆவி புகுந்திருக்கிறது’ என்று நினைக்கிறோம். ஒருவர் பேய் என்கிறார். ஒருவர் குலதெய்வக் குற்றம் என்கிறார். ஒருவர் முற்பிறவிப் பாவம் என்கிறார். முடிவில் நோயோடு பழியும் அந்த உயிரின் தலைமேல் ஏறிவிடுகிறது. இது நம் சமயம் சொன்னதுதானா? இதைத்தான் நாம் சேர்ந்து ஆராய வேண்டும். அதற்கு நாம் போக வேண்டிய இடம் திருப்பாச்சிலாச்சிராமம்.

இன்று திருவாசி என்று வழங்கும் அந்தத் தலம் திருச்சிராப்பள்ளிக்கு அருகே, காவிரி வடகரையில் உள்ளது. நம் கொங்கு நாட்டை ஒட்டிய கொல்லிமலைப் பகுதியை ஆண்ட மழவன் என்னும் மன்னனுடைய மகளுக்கு முயலகன் என்ற நோய் வந்தது. செய்வன எல்லாம் செய்தும் நோய் நீங்கவில்லை. மழவன் தன் செல்வ மகளைக் கொண்டுவந்து இத்தலத்துப் பெருமான் திருமுன்னே கிடத்தினான். பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த சேக்கிழார் பெருமான் பெரிய புராணத்தில் இதைப் பாடியிருக்கிறார்.

இங்கே சற்று நில்லுங்கள். மழவன் ஒரு நாட்டுக்கு அரசன். மகளோ மணமாகாத கன்னி. ‘வெளியில் தெரிந்தால் குலத்துக்கு இழுக்கு’ என்று அவன் அவளை அரண்மனையின் உள்ளறையில் பூட்டி வைக்கவில்லை. ஊரார் வந்துபோகும் திருக்கோயிலில், எல்லோரும் காண, கொண்டுவந்து கிடத்தினான். அவனுக்கு இல்லாத கௌரவமா நமக்கு இருக்கிறது?

அந்த நேரத்தில் திருஞானசம்பந்தப் பிள்ளையார் அத்தலத்துக்கு எழுந்தருள்கிறார். மழவன் எதிர்கொண்டு போய் அவர் திருவடியில் விழுகிறான். திருக்கோயிலுக்குள் வந்த பிள்ளையார், நினைவிழந்து கிடக்கும் பெண்ணைக் காண்கிறார். இஃது என்ன என்று கேட்கிறார். தந்தை தன் துயரத்தைச் சொல்கிறான். பிள்ளையாருடைய உள்ளம் இரக்கத்தால் நிறைகிறது.

அடுத்து அவர் செய்ததை ஊன்றிக் கவனிக்க வேண்டும். ‘இவள் என்ன பாவம் செய்தாள்?’ என்று அவர் கேட்கவில்லை. ‘உங்கள் குடும்பத்தில் என்ன குற்றம் நடந்தது?’ என்று மழவனை விசாரிக்கவில்லை. வேப்பிலை அடிக்கச் சொல்லவில்லை. பெருமானை நோக்கித் திரும்பினார். இந்தப் பெண்ணை இப்படி வாட விடுவது உன் பெருமைக்குத் தகுமா என்ற கருத்து அமைய, இறைவன்மேலேயே வழக்குத் தொடுத்துப் பதிகம் பாடினார். பெண்ணுக்கு வழக்கறிஞராக நின்றார் என்றே சொல்லலாம். நோய் நீங்கிற்று; பெண் எழுந்து தந்தையின் அருகில் வந்தாள். இன்றும் திருவாசிக்குச் சென்றால், நடராசப் பெருமான் திருவடியின்கீழ் முயலகனுக்குப் பதிலாக ஒரு நாகம் இருப்பதைக் காணலாம்.

மெய்யன்பர்களே! இந்த வரலாற்றை அடியேன் எத்தனையோ மேடைகளில் சொல்லியிருக்கிறேன். ஒருமுறை அதைத் தவறாகச் சொல்லிவிட்டேன். அதை மறைக்காமல் உங்கள் முன் சொல்லிவிட வேண்டும்.

இருபத்தைந்து ஆண்டுகள் இருக்கும். பல்லடம் பக்கத்தில் ஒரு சிற்றூர்க் கோயிலில் இதே வரலாற்றைப் பேசி முடித்து மேடையை விட்டு இறங்கினேன். தறி ஓட்டும் குடும்பத்து அம்மையார் ஒருவர் வந்து கைகூப்பி நின்றார். “ஐயா, எங்க புள்ளைக்கும் அந்த நோவுதானுங்க. அந்தப் பதிகத்தைப் படிச்சா நல்லாயிருமுங்களா?” என்று கேட்டார். பதினாறு வயதுப் பெண் அவருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கூட்டம் கலைகிற நேரம். எனக்கோ பேருந்துக்குப் போகும் அவசரம். “நம்பிக்கையோடு நாற்பத்தெட்டு நாள் ஓதுங்கள் அம்மா, திருவருள் கைவிடாது” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

மறு ஆண்டு அதே ஊருக்குப் போனேன். அம்மையார் அதே பெண்ணுடன் வந்தார். பெண் தன் வலக்கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டிருந்தாள். பிறகு விவரம் தெரிந்தது. அவள் அதற்கு முன்பே மருத்துவரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிட்டு வந்திருக்கிறாள். நோயும் அடங்கித்தான் இருந்திருக்கிறது. பதிகம் ஓதுகிறபோது மாத்திரையும் சாப்பிட்டால் அது நம்பிக்கைக் குறைவு ஆகிவிடும் என்று வீட்டார் மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். மூன்றாம் வாரம், அடுப்பருகில் நிற்கும்போது வலிப்பு வந்து, கை நெருப்பில் விழுந்திருக்கிறது.

அந்த அம்மையார் என்னைக் குறை சொல்லவில்லை. “எங்க பக்திதானுங்க பத்தாமப் போச்சு” என்றார்.

என்னை அவர் நாலு பேர் நடுவில் திட்டியிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன். நான் கேட்கத் தவறிய ஒரு கேள்விக்காக, அந்தத் தாய் தன் பக்தியைக் குற்றம் சொல்லிக்கொண்டு நின்றார். ‘மருந்து சாப்பிடுகிறாளா? அதை நிறுத்தாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சொல்ல எனக்கு நேரமில்லாமல் போயிற்று. அன்றிலிருந்து மழவன் மகள் வரலாற்றைச் சொல்லும் இடமெல்லாம் அந்த ஒரு வார்த்தையைச் சேர்த்தே சொல்லி வருகிறேன். வலிப்புக்கு மருந்து உண்பவர் மருத்துவரைக் கேளாமல் ஒரு நாளும் அதை நிறுத்தலாகாது. திடீரென்று நிறுத்தினால் நோய் முன்னிலும் கடுமையாகத் திரும்பி வரும்; உயிருக்கே கேடும் வரலாம். பதிகமும் ஓதுங்கள், மாத்திரையும் உண்ணுங்கள். இரண்டுக்கும் பகை இல்லை.

அப்படியானால் பெருமான் திருவடியின் கீழ்க் கிடக்கும் முயலகன் யார் என்று கேட்பீர்கள். நம் சித்தாந்தப் பெரியோர் அதற்குத் தெளிவாக விடை சொல்லியிருக்கிறார்கள். முயலகன் ஆணவ மலத்தின் வடிவம். உயிரின் அறிவை மறைக்கும் இருள் அது. அந்த ஆணவம் வலிப்பு நோயாளரிடம் மட்டுமா இருக்கிறது? செம்பில் களிம்பு போல எல்லா உயிரிடத்தும் தொன்றுதொட்டே இருப்பது அது. பேசுகிற அடியேனிடமும் இருக்கிறது; கேட்கிற உங்களிடமும் இருக்கிறது. ஒருவர் தெருவில் நினைவிழந்து விழும்போது, ‘தொடாதே, நமக்கும் ஒட்டிக்கொள்ளும்’ என்று சொல்லி நாம் விலகுகிறோமே, அந்த நேரத்தில் முயலகன் இருப்பது விழுந்தவரிடத்தா, விலகியவரிடத்தா? நினைவு நீங்கிற்று என்றால் யாருடைய நினைவு நீங்கிற்று? அவருக்கு இரண்டொரு நிமிடத்தில் நினைவு திரும்பிவிடும். நமக்கு?

‘நோய் வினையால் வருவது என்று சமயம் சொல்லவில்லையா?’ என்று சிலர் கேட்கக்கூடும். சொல்கிறது. நாம் பிறந்ததே வினையால்தான் என்றும் சொல்கிறது. பிறந்தவர் எல்லோரும் ஒரே கணக்கில் அடங்கியவர்கள். ஒருவரை மட்டும் தனியே நிறுத்திச் சுட்டிக்காட்ட என்ன நியாயம்? எனக்குப் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. ‘எந்தப் பிறவியில் என்ன பாவம் செய்தீர்?’ என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. ‘காப்பிக்குச் சர்க்கரை போடலாமா?’ என்றுதான் கேட்கிறார்கள். சர்க்கரை நோய்க்குக் கிடைக்கும் மரியாதை வலிப்புக்கு ஏன் கிடைக்கவில்லை?

வினைக் கொள்கை நம்மை நாமே திருத்திக்கொள்வதற்காகத் தரப்பட்டது. அடுத்த வீட்டுக்காரரை அளப்பதற்குக் கொடுத்த கோல் அன்று. திருநாவுக்கரசர் சூலை நோயால் துடித்தபோது தமக்கையார் திலகவதியார் அவரை விலக்கவில்லை. திருநீறு அளித்துத் திருவதிகைக் கோயிலுக்கு அழைத்துச் சென்றார். சுந்தரர் பார்வை இழந்தார். அதனால் அவர் நாயனாராக இல்லாமற் போனாரா? நம் கொங்கு நாட்டுத் திருச்செங்கோட்டில், சம்பந்தருடன் வந்த அடியார் கூட்டத்தையே குளிர்சுரம் பற்றிற்று. இரவும் பகலும் சிவநாமம் சொன்னவர்களுக்கு நோய் வந்தது. பிள்ளையார் அவர்களை ஒதுக்கிவிட்டு மேலே நடக்கவில்லை. அவர்களுக்காகவே நின்று திருநீலகண்டத்தின்மேல் ஆணையிட்டுப் பாடினார்.

இனி நோயைப் பற்றி, மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். நம் மூளை மிக நுண்ணிய மின்னோட்டத்தால் இயங்குகிறது. அந்த மின்னோட்டம் சிறிது நேரம் கட்டு மீறிப் பாய்வதே வலிப்பு. ஜெர்மனி நாட்டு ஹான்ஸ் பெர்கர் என்ற மருத்துவர் 1924-இல் மனித மூளையின் மின்னலைகளை முதன்முதலாகப் பதிவு செய்தார். 1929-இல் அதை வெளியிட்டார். அதன்பின் பேய் என்று சொல்லப்பட்டதைத் தாளில் கோடாகவே வரைந்து காட்ட முடிந்தது. பிறக்கும்போது மூச்சுத் திணறல், தலைக் காயம், மூளைக் காய்ச்சல், பக்கவாதம், சிலருக்குப் பரம்பரை என்று காரணங்கள் பல. பலருக்குக் காரணம் புலப்படுவதே இல்லை. நம் நாட்டில் மற்றொரு முக்கியமான காரணமும் உண்டு. பன்றி இறைச்சி வழியாகப் பரவும் நாடாப்புழுவின் முட்டை மனிதக் கழிவின் மூலம் மண்ணில் கலந்து, கழுவாத காய்கறியில் ஒட்டி வயிற்றுக்குள் போய், மூளையில் கட்டியாகத் தங்குகிறது. புலாலைத் தொடாத சைவக் குடும்பத்திலும் இதனால் வலிப்பு வரும். இதில் எந்தத் தெய்வத்தின் குற்றம் இருக்கிறது? காயைக் கழுவாத குற்றந்தான் இருக்கிறது.

உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்நோய் உண்டு என்றும், முறையாக மருத்துவம் செய்தால் 100-க்கு 70 பேர் வரை வலிப்பின்றி வாழலாம் என்றும் உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. 1912-இல் பினோபார்பிடாலும் 1938-இல் பெனிட்டாயினும் வந்தன. பின்னர் எத்தனையோ மருந்துகள் வந்துவிட்டன. தொட்டால் ஒட்டும் நோயும் அன்று இது. வாயில் வரும் நுரையால் யாருக்கும் பரவாது.

இது மேல்நாட்டார் சொல் மட்டும் அன்று. சரகர் தம் நூலில் அபஸ்மாரத்தை வாதம், பித்தம், கபம் ஆகியவற்றாலும் அம்மூன்றும் கூடுவதாலும் வரும் என்று நால்வகையாகப் பிரித்து, மருந்தும் சொல்லியிருக்கிறார். கிரேக்க நாட்டிலும் இதைத் தெய்வ நோய் என்றுதான் சொல்லி வந்தார்கள். சுமார் 2400 ஆண்டுகளுக்கு முன்பே ஹிப்போகிரேட்டஸ் மரபைச் சேர்ந்த ஒரு நூல், மற்ற நோய்களைவிட இதில் தெய்விகம் ஒன்றும் கூடுதலாக இல்லை, காரணம் மூளையில் இருக்கிறது என்று எழுதியது. நம் திருவள்ளுவரும் மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து, உடனிருந்து உதவுபவன் என்று நான்கையும் சேர்த்தே வைத்தார். உடனிருப்பவனும் மருத்துவத்தில் ஒரு பகுதி. அந்த இடம் நம்முடையது.

கோவை மக்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. இந்நகரில் பிளேக் மாரியம்மன் என்ற பெயரிலேயே கோயில்கள் இருக்கின்றன. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் கொள்ளைநோய் இவ்வூரை வாட்டியபோது நம் முன்னோர் அம்மனிடம் முறையிட்டார்கள். அந்த நோய் எலித் தெள்ளால் பரவுவது என்று பின்னர் அறிந்தோம். அதனால் அம்மன்மேல் பக்தி குறைந்ததா? பெரியம்மை உலகத்தை விட்டே ஒழிந்தது என்று 1980-இல் அறிவித்தார்கள். குழந்தைகளுக்கு அம்மை குத்தியதற்காக மாரித்தாய் யாரையும் கோபித்துக்கொள்ளவில்லை. வலிப்பில் மட்டும் ஏன் இன்னும் மாத்திரைக்கும் சாமிக்கும் சண்டை மூட்டுகிறோம்?

தாய்மார்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கத்தில் பெண் பார்க்குமுன் ஊருக்குள் விசாரிப்பது வழக்கம். எங்கோ ஒருவர், ‘அந்தப் பெண்ணுக்குச் சின்ன வயதில் வலிப்பு வந்தது’ என்று சொன்னால் போதும், சம்பந்தம் நின்றுவிடும். அவள் தங்கையின் திருமணமும் சேர்ந்து நிற்கும். இதற்கு அஞ்சியே பலர் மருத்துவமனைக்குப் போகாமல் மறைக்கிறார்கள். இந்து திருமணச் சட்டத்தில் 1976-இல் செய்த திருத்தம், அடிக்கடி வலிப்பு வருவதை மணத்துக்குத் தகுதிக் குறையாகச் சேர்த்திருந்தது. அதைக் காட்டி மணம் செல்லாது என்று வழக்காடவும் முடிந்தது. 1999-இல் வந்த திருத்தம் வலிப்பு என்ற சொல்லையே அங்கிருந்து எடுத்துவிட்டது. சட்டம் எடுத்துவிட்டதை நாம் இன்னும் மனத்தில் வைத்திருக்கிறோம். மறைத்து மணம் செய்விக்காதீர்கள். முன்னரே சொல்லிச் செய்யுங்கள். மருத்துவர் மேற்பார்வையில் அவர்கள் இல்லறம் நடத்தலாம், மக்கட்பேறும் பெறலாம். சொன்னதைக் கேட்டு ஏற்றுக்கொள்ளும் மாமியார் இந்தக் கூட்டத்தில் ஒருவர் இருந்தாலும், இன்றைய திருவாதிரை நமக்குப் பலித்தது என்பேன்.

திருவிழாக் கூட்டத்தில் யாருக்கேனும் வலிப்பு வந்தால் என்ன செய்வது? ‘சாமி வந்துவிட்டது’ என்று உடுக்கை அடிக்க வேண்டாம். கையில் சாவிக் கொத்தைத் திணிக்க வேண்டாம். வலிப்பு பெரும்பாலும் இரண்டு மூன்று நிமிடத்தில் தானே அடங்கும். சாவி கொடுத்த பின் அடங்குவது காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். சுற்றி நிற்பவர்களை விலக்கிக் காற்று வரச் செய்யுங்கள். தலைக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வையுங்கள். விளக்கும் கல்லும் அருகில் இருந்தால் அகற்றுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்தி, அவரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கைகால்களை அழுத்திப் பிடிக்கலாகாது. வாயில் கரண்டியோ துணியோ தண்ணீரோ எதுவும் வைக்கலாகாது. ஐந்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலும், நினைவு திரும்பாமல் மீண்டும் வந்தாலும், அவர் கருவுற்ற பெண்ணாக இருந்தாலும், அடிபட்டிருந்தாலும், முதன்முறையாக வந்ததாக இருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நினைவு திரும்பும்போது அவர் வெட்கத்தோடு விழிப்பார். முதலில் அவர் காண்பது ஓர் அன்பான முகமாக இருக்கட்டும்.

இந்தப் பீளமேட்டின் ஊடே செல்லும் அவினாசிச் சாலையில் நேரே போனால் திருப்புக்கொளியூர் வரும். அங்கே ஒரு தெருவில் ஒரு வீட்டில் பூணூல் மங்கலம், எதிர்வீட்டில் அழுகை. அவ்வழியே வந்த சுந்தரமூர்த்தி நாயனார் மங்கல வீட்டுக்குள் போய்விடவில்லை. ஏன் இந்த வீட்டில் அழுகிறார்கள் என்று கேட்டு நின்றார். முதலை வாயிலிருந்து பிள்ளையை மீட்டது அதன்பிறகு நடந்தது. திருவாசியில் சம்பந்தரும் முதலில் நின்று கேட்டார், பிறகுதான் பாடினார். அவர்களைப் போல அற்புதம் செய்ய நம்மால் ஆகாது. நின்று கேட்பதற்கு நம்மால் ஆகும்.

பல்லடத்து அம்மையார் கேட்ட அன்று அடியேன் நிற்கவில்லை. இரண்டாம் முறை நின்றேன். பேருந்து போனால் போகட்டும் என்று இருந்து, மறுநாள் அவர்களோடு மருத்துவரிடமும் போனேன். பெண் மீண்டும் மாத்திரை உண்ணத் தொடங்கினாள். பதிகமும் விடாமல் ஓதினாள். அடுத்த ஆண்டு அவள் அந்த வடுப்பட்ட கையாலேயே எனக்குத் திருநீற்றுத் தட்டை நீட்டினாள். அன்று அவள் கையை மறைக்கவில்லை.

உங்கள் தெருவிலும் அப்படி ஒரு கை முந்தானைக்குள் மறைந்திருக்கக்கூடும். இன்று வீடு திரும்பும்போது கூத்தப்பெருமான் திருவடியின் கீழே ஒருமுறை பார்த்துவிட்டுச் செல்லுங்கள். அங்கே மிதிபட்டுக் கிடப்பது நம் ஆணவம் என்று எண்ணி வணங்குங்கள். அந்த எண்ணத்தை நமக்கு அருளுமாறு பெருமானை வேண்டி, அடியேன் அமைகிறேன்.

திருச்சிற்றம்பலம்.